கோட்டுப் பக்கத்தால் வந்த இருட்டு

முதலில் காணாமல் போனது கோடு.

எங்கள் மைதானத்தின் இடது பக்கக் கோடு. சுண்ணாம்பால் போட்டது. இருபது வருடமாக என் இடது காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்று பின்னேரம் மட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது அங்கே இல்லை.

கோடு போட்டது தேவன் அண்ணை. எங்கள் கழகத்தில் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவர்தான். இடைவேளையில் அவரிடம் போனேன்.

"என்ன தேவண்ணை, சுண்ணாம்பை மிச்சம் பிடிச்சனீங்களோ? எங்கட பக்கம் கோட்டைக் காணேல்லை."

அவர் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கென்னடாப்பா, கண் பொட்டையே? உதிலை பால் மாதிரிக் கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். கோடு கிடந்தது. நேரே பார்த்தால் இருக்கிறது. முன்னே பார்த்துக்கொண்டு நின்றால் இல்லை. ஆனி மாதத்து வெயில் என்று நினைத்துக்கொண்டு போத்தல் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத் திரும்பவும் இறங்கினேன்.

அந்த நாள்தான் என் நோயின் முதல் நாள் என்று பிறகு கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். அதுவும் பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. கண் கிளினிக்கில் என் பக்கத்தில் மர வாங்கில் இருந்த ஒருவர் பயந்துபோய் இருந்தார். எனக்கு வந்ததுதான் அவருக்கும். அடுத்த நாள் அவருக்குச் சத்திரசிகிச்சை. எனக்கு என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். கேட்டு முடிய அவர் வாங்கில் சாய்ந்து இருந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊர் கரம்பொன். மேசன் வேலை செய்கிறேன். பதினைந்து வயதில் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் இடது பக்கக் காவலுக்கு நின்றேன். லெப்ட் பெக் என்பார்கள். சாதாரண தரப் பரீட்சையை இரண்டாம் முறையும் எடுத்தேன். படிக்க இல்லை, இன்னொரு வருடம் கல்லூரிக்கு விளையாட. கணக்குப் பாடம் இரண்டாம் முறையும் வரவில்லை. ஆனால் அந்த வருடம் எங்களுடைய இடது பக்கத்தால் வந்து ஒருவரும் கோல் போடவில்லை. பிறகு கழகம். முப்பத்தாறு வயது வரை அதே இடம். மேசன் என்பதாலும் அந்த இடத்தில் நின்றதாலும் எனக்கு 'மதில்' என்று பெயர்.

லெப்ட் பெக்கின் வேலை பெரிய வேலை இல்லை. பந்தோடு வருகிறவனை உள்ளே விடாமல் கோட்டுப் பக்கம் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே போனால் அவனுக்கு இடம் முடிந்துவிடும். கோடு எனக்கு இன்னொரு ஆள். அது ஓடாது, களைக்காது. அதை நான் பார்ப்பதும் இல்லை. கண் ஓரத்தில் வெள்ளையாகக் கிடக்கும். அது போதும்.

வருகிறவனின் முகத்தையும் பார்ப்பதில்லை. முகம் பொய் காட்டும். காலைப் பார்ப்பேன்.

என் கண்ணில் அடி பட்டது தை மாதத்தில். உயர வந்த பந்துக்கு இரண்டு பேர் பாய்ந்தோம். மற்றவருடைய தலை என் இடது கண்ணில் பட்டது. கண் சிவந்தது. வீங்கியது. என் மனைவி சுகந்தி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு எடுத்துக் கண்ணில் வைத்துக் கட்டினா. குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கிழமையில் வீக்கம் வற்றியது. சுகம் என்று விட்டுவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூ வைப்பதில் பிழை இல்லை. ஆனால் அது கண்ணின் முன்பக்கத்துக்கு. பின்பக்கத்தில் நடப்பது நோகாது. வீங்காது. சிவக்காது.

பிறகு மின்னல் வந்தது. மழை இல்லாத மாதத்தில் கண் ஓரத்தில் சின்ன மின்னல். அதுக்குப் பிறகு இலையான். சாப்பிடும்போது கோப்பைக்கு மேலே கறுப்பாக இரண்டு மூன்று பறக்கும். கையால் கலைப்பேன்.

"இஞ்சாருங்கோ, இல்லாத இலையானை ஏன் கலைக்கிறீங்கள்?" என்று சுகந்தி கேட்டா.

"உமக்குத் தெரியேல்லையோ?"

"எனக்கு உங்கட கைதான் தெரியுது."

கோடு காணாமல் போன அந்த மட்சில், இரண்டாம் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். எதிர் அணி காரைநகர். அவர்களுடைய வலது பக்க முன்வரிசையில் நிரோசன் என்று ஒரு ஆள். பத்து வருடமாக எனக்கு எதிரே ஓடுகிறவன். அன்று எனக்கும் கோட்டுக்கும் நடுவால் போனான். அந்த இடத்தில் ஆள் போக வழியே இருந்ததில்லை. பந்து வலைக்குள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

வயது போகிறது என்று நினைத்தேன். கண் என்று நினைக்கவில்லை.

அதுக்கு ஒரு காரணம் உண்டு. நூல் பிடித்து மட்டம் பார்க்கும்போது மேசன் ஒரு கண்ணை மூடுவான். நான் மூடுவது இடது கண். வலது கண்ணால் பார்த்துத்தான் எல்லாச் சுவரும் கட்டினேன். இரண்டு கிழமை கழித்து ஒரு வீட்டில் சாந்து பூசிக்கொண்டு நிற்கும்போது வலது கண்ணுக்குள் சீமெந்துத் தூள் விழுந்தது. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் சுவரைப் பார்த்தேன்.

பாதிச் சுவர் இல்லை.

கீழ் இடது மூலையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை எழும்பி நடு வரைக்கும் வந்திருந்தது. மிச்சச் சுவர் நெளிந்து நின்றது. பூசிக்கொண்டு நின்ற சாந்தகப்பையைக் கீழே வைத்தேன். கை கழுவினேன். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டொக்டர் லைற் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு துண்டு எழுதினார்.

"நாளைக்கு இல்லை. இண்டைக்கே யாழ்ப்பாணம் போங்கோ."

அதே உடுப்போடு பஸ் ஏறினேன். சேட்டுக்குள் கழகத்து ஜேர்சி. தலைமயிரில் சீமெந்து.

கண் டொக்டர் ஒரு பெண். என்னைவிட வயது குறைவு. கண்மணி விரிய மருந்து விட்டு, கன நேரம் பார்த்தா. மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்றா. பிறகு கதிரையில் சாய்ந்து இருந்து கேட்டா.

"கண்ணிலை அடி பட்டதோ?"

"இல்லை, டொக்டர்."

அவ என் ஜேர்சியைப் பார்த்தா. "பந்தடிக்கிறனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை வருசம்?"

"இருபது, இருபத்தொண்டு."

"இருபது வருசமாப் பந்தடிக்கிறீங்கள். கண்ணிலை அடி படேல்லை?"

"அதெல்லாம் அடியெண்டு நாங்கள் கணக்கெடுக்கிறேல்லை, டொக்டர்."

அவ சிரிக்கவில்லை. ஒரு கடதாசியில் வட்டம் கீறி விளங்கப்படுத்தினா. நோயின் பெயர் விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கழண்டு வருவது). அந்தப் படலத்தில்தான் நாங்கள் பார்ப்பது எல்லாம் விழுகிறது. அடி பட்ட இடத்தில் அது கிழிந்திருக்கிறது. கிழிவுக்குள்ளால் கண்ணுக்குள் இருக்கிற நீர் புகுந்து, படலத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பியிருக்கிறது.

எனக்கு உடனே விளங்கியது. ஈரம் புகுந்த சுவரில் பூச்சு கழண்டு வருவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

"கிழிஞ்சது மேலை, மூக்குப் பக்கம்," என்றா.

"எனக்கு இருட்டினது கீழை, காதுப் பக்கம் டொக்டர்."

"ஓம். கண்ணுக்குள்ளை படம் தலைகீழாத்தான் விழும். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

பிறந்த நாள் தொட்டு உலகம் என் கண்ணுக்குள் தலைகீழாக விழுந்துகொண்டு இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமலே ஏதோ ஒன்று அதை நிமிர்த்திக் காட்டியிருக்கிறது. நான் அதை நம்பி ஓடியிருக்கிறேன்.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டா.

"ரெண்டு கிழமை."

"ரெண்டு கிழமையிலை வந்ததாத் தெரியேல்லை. யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்தேன். மின்னலும் இலையானும் எனக்கு நோய்க் கணக்கில் வரவில்லை.

"பார்வை வருமோ, டொக்டர்?"

"ஒட்டலாம். ஒட்டினாப்பிறகு எவ்வளவு தெரியும் எண்டு இப்ப சொல்ல ஏலாது. விட்டால் கண் போயிடும்."

சத்திரசிகிச்சை நாளில் கண்ணைச் சுற்றி விறைக்க ஊசி போட்டார்கள். நித்திரைக்கு மருந்து இல்லை. முழித்துக்கொண்டு கிடந்தேன். நடந்ததை முழுக்க எழுத எனக்குச் சொல் போதாது. தெரிந்த மட்டும் எழுதுகிறேன். பயப்படுகிறவர்கள் இதை வாசிக்க வேண்டும். நோகாது. ஆனால் தெரியும்.

முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு கறுப்பாக ஒரு மெல்லிய கம்பி வந்தது. அது கண்ணுக்கு முன்னால் வரவில்லை. கண்ணுக்குள் வந்தது. என் கண்ணுக்குள் வேலை நடக்கிறது, அதை அதே கண்ணால் நான் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஆட்கள் உள்ளே குடியிருக்கக் கூரை மாற்றுவது போல.

கண்ணுக்குள் கூழ் மாதிரி ஒன்று இருக்கிறது. அதை வெட்டி எடுத்தார்கள். கடலுக்கடியில் பாசி சுழல்வது போல அது சுழன்று போனது தெரிந்தது. பிறகு பச்சை மின்னல்கள் வரிசையாக வந்தன. லேசர் (ஒளியால் சுட்டு ஒட்டும் கருவி). கிழிவைச் சுற்றி ஒட்டுகிறார்கள். மனதுக்குள் எண்ணினேன். நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கடைசியில் வாயு விட்டார்கள். குமிழ்கள் வந்தன, ஒன்றோடு ஒன்று சேர்ந்தன, எல்லாம் வெள்ளித் தகடாகப் போனது.

இனித்தான் என் வேலை தொடங்கியது.

"ஒரு கிழமைக்கு முகம் நிலத்தைப் பாக்க வேணும்," என்றா டொக்டர். "இருந்தாலும் குனிஞ்சு. நடந்தாலும் குனிஞ்சு. நித்திரையும் குப்புற."

"ஏன் டொக்டர்?"

"காற்று மேலைதான் போகும். நீங்கள் குனிஞ்சால் கண்ணின்ர பின்பக்கம் மேலை வரும். காற்று அங்கை போய் நிண்டு அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் விட்டிடும். நான் ஒட்டினது காயிற மட்டும் ஆரோ ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும். அது நீங்கள்தான்."

ஓரிடத்தில் நின்று பிடிப்பது. அது எனக்குத் தெரிந்த வேலை.

"விமானம் ஏறக் கூடாது. மலைநாட்டுப் பக்கம் போகக் கூடாது. உயரத்துக்குப் போனால் காற்று பெருக்கும், கண் பழுதாப் போயிடும்."

"கரம்பொன்னிலை மலை இல்லை, டொக்டர். ஏறுறதெண்டால் பனையிலைதான் ஏற வேணும்."

"அதிலையும் ஏறாதேங்கோ," என்றா. அப்போதுதான் முதல்தரம் சிரித்தா.

வீட்டுக்கு ஓட்டோவில் வந்தோம். சுகந்தியின் மடியில் முகம் குப்புற. பகல் நேரம், சனம் பார்க்கும் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவ என் பிடரியில் கையை வைத்துக்கொண்டு இருந்தா. எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. இரண்டு காதிலும் ஒரே அளவு காற்று அடிக்கத் தொடங்கியது. பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் கடல். எத்தனை ஆயிரம் தரம் அதால் போயிருப்பேன். காதால் அன்றுதான் கண்டேன்.

வீட்டில் தேவன் அண்ணை ஒரு கட்டில் செய்து வைத்திருந்தார். பழைய கட்டில் பலகையில் முகம் போகிற அளவுக்கு வட்டமாக வெட்டியிருந்தார். வெட்டின விளிம்பு நெற்றியில் குத்தாமல் இருக்க, பிய்ந்துபோன கோல் வலையைப் பல மடிப்பாக மடித்துச் சுற்றி வைத்து, மேலே துவாய் போட்டிருந்தார்.

"உன்னாலை எத்தினை பேரின்ர கோல் இந்த வலைக்குள்ளை விழேல்லை," என்றார். "இப்ப நீயே விழுந்து கிட."

நான் கோடு இல்லை என்று பேசினதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழு நாள். இதே நிலையில் கிடக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாள் கழுத்து நோகும். இரண்டாம் நாள் நெஞ்சும் முழங்கையும் நோகும். மூன்றாம் நாள் மனம் நோகும். அதுக்குப் பிறகு நேரம் வேறு மாதிரி ஆகிவிடும். ஒருவர் குனிந்து உறிஞ்சித் தேத்தண்ணி குடிப்பதுக்கு எவ்வளவு நேரம் போகும் என்று எனக்கு முதலில் தெரியாது. பிறகு தெரிந்தது. அவசரமும் இல்லை.

எனக்குத் தெரிந்த உலகம் ஓட்டை அளவு. சீமெந்து நிலம். அது நான் போட்டது. பதினொரு வருடத்துக்கு முதல் நான் இழுத்த மட்டக்கோலின் தடம் அதில் ஒரு இடத்தில் அழியாமல் இருந்தது. அதுக்கு மேலே என் இடது கண்ணின் நடுவில் ஒரு வட்டம். காற்றுக் குமிழ். மேசன்மார் மட்டம் பார்க்கிற லெவலுக்குள் ஓடுகிற குமிழ் மாதிரி, தலையை அசைத்தால் அசைந்தது. வாழ்நாள் முழுக்க வெளியே வைத்துப் பார்த்த குமிழ் உள்ளே வந்து இருந்தது. அதை நடுவில் வைத்துக்கொள்வதுதான் வேலை. வைத்துக்கொண்டேன்.

கழகத்து ஆட்கள் வந்தார்கள். எனக்குக் கால்கள் மட்டும் தெரியும். நான் பெயர் சொன்னேன். அவர்களுக்கு அது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. சத்தம் போடாமல் வந்து ஓட்டைக்குக் கீழே காலை நீட்டுவார்கள்.

"ஆர் எண்டு சொல்லும் பாப்பம், மதில்."

ஒருதரமும் பிழை விடவில்லை. ஒருவருக்குச் சின்னவிரல் நகம் இல்லை. ஒருவர் நிற்கும்போது எடையை வலது காலில் போடுவார். சுகந்தியின் கால் இரண்டாம் விரலில் மிஞ்சி தேய்ந்து மெலிந்திருந்தது. அதை நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. இரண்டு கால்கள் வந்து தள்ளி நின்றன. இடது பெருவிரல் உள்ளுக்கு மடிந்திருந்தது. வலது கணுக்காலில் வட்டமாக ஒரு தழும்பு. அது என் சப்பாத்தால் வந்தது.

"நிரோசன்," என்றேன்.

கால்கள் அசையவில்லை.

"என்னெண்டு அண்ணை கண்டு பிடிச்சனீங்கள்?"

"முகத்தைக் காட்டியிருந்தீரெண்டால் தெரிஞ்சிருக்காது."

காரைநகரில் இருந்து பாதையில் வந்ததாகச் சொன்னான். எங்கள் கடவையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வருகிற மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். சுகந்தி கதிரை கொண்டுவந்து வைத்தா. அவன் இருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். முழங்கால் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"அண்ணை, ஒண்டு சொல்ல வேணும். மாசி மாதம் எங்கட இடத்திலை விளையாடினது ஞாபகமோ?"

"ரெண்டுக்கு ரெண்டு."

"ஓம். அதிலை நான் ஒருக்காக் கோட்டுப் பக்கத்தாலை எடுத்தனான். நீங்கள் கால் வைக்கேல்லை. தற்செயலெண்டு நினைச்சன். பங்குனியிலை திரும்பவும் அப்பிடி. சித்திரையிலை வேணுமெண்டு செய்து பாத்தன். பந்தைக் கோட்டோட தட்டினால் உங்களுக்குத் தெரியேல்லை. ஒரு முழம் உள்ளுக்கு வந்தால் உடனை பிடிக்கிறீங்கள்."

நான் குமிழை நடுவில் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"எங்கட பெடியளுக்கும் சொன்னனான். கோட்டோட போங்கோ, அந்தாளுக்கு அந்தப் பக்கம் தெரியாது எண்டு. உங்களுக்குத்தான் சொல்லேல்லை."

குசினியில் சுகந்தி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"நானெண்டாலும் சொல்லியிருக்க மாட்டன்," என்றேன்.

"அதில்லை அண்ணை. அப்பவே சொல்லியிருந்தால்..."

"சொல்லியிருந்தால் நான் உமக்கு அடிச்சிருப்பன். என்ரை பக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வந்திட்டாய் எண்டு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிக்க ஏலாது, தலை ஆடும். சுகந்தி தேத்தண்ணி கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தா. கொஞ்சம் பலமாகத்தான் வைத்தா.

அவன் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பத்து வருடமாக நான் அவன் காலைப் பார்த்தேன். அவன் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு டொக்டரும் தொடாத கண்ணை, ஒரு கருவியும் இல்லாமல், ஓடிக்கொண்டே ஒரு முழக் கணக்கில் அளந்திருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. என் உடம்பில் நடந்தது எனக்குத் தெரியாமல் இன்னொருவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் பெரிதாக இருந்தது.

எட்டாம் நாள் கிளினிக்கில் நிமிர விட்டார்கள். நிமிர்ந்ததும் தலை சுற்றியது. இடது கண்ணில் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தது போல இருந்தது.

"எப்ப தொடங்கினது எண்டு யோசிச்சனீங்களோ?" என்று டொக்டர் கேட்டா.

"மாசி மாதம், டொக்டர். ஒரு முழம். சித்திரையிலையும் ஒரு முழம். பிறகுதான் ஏறியிருக்கு."

அவ எழுதுவதை நிறுத்தினா. "ஆர் சொன்னது?"

"எதிர் அணி ஆள்."

அவ அதையும் எழுதினா. அப்படியென்றால் நடுப்பகுதி கடைசிக் கிழமைகளில்தான் கழண்டிருக்கும், அது எங்களுக்கு நல்லது என்றா. கனநாள் கழண்டு கிடந்த இடம் செத்துப்போகுமாம். நிரோசன் கொண்டுவந்தது நல்ல செய்தி என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை ஒரு காலை, பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு கோடு வந்தது. நேரான, மெல்லிய கோடு. கோட்டுக்கு மேலே தெளிவு. முகட்டு ஓடு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கீழே கலங்கல். அது குமிழின் விளிம்பு. அடுத்த நாள் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. அதுக்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். கடல் வற்றும்போது இறங்குதுறையின் கல்லில் நீர்மட்டம் இறங்குமே, அப்படி. முதலில் கூரையைத் தாங்குகிற வளை தெரிந்தது. பிறகு யன்னலின் மேல் பாதி. பிறகு சுகந்தியின் நெற்றி. இரண்டு நாள் கழித்து அவவின் கண்.

தலையைச் சரித்தாலும் கோடு சரியவில்லை. எப்போதும் மட்டமாக நின்றது. அதைவிடத் திருத்தமான லெவலை நான் கையில் பிடித்ததில்லை.

அந்தக் காற்று எங்கே போகிறது என்று கிளினிக்கில் கேட்டேன். இரத்தத்தில் கரைந்து, நெஞ்சுக்கு வந்து, மூச்சோடு வெளியே போகும் என்றா டொக்டர். அந்த இடத்தைக் கண் தானே நீர் சுரந்து நிரப்பிக்கொள்ளுமாம். நான் கண்ணால் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். வேலியில் நட்டிருந்த கதியால் தடியில் கை வைத்துக்கொண்டு நின்று, மூக்கால் வருகிற காற்றைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. வெறும் மூச்சு.

கடைசியில் குமிழ் கடுகளவு ஆனது. கீழே ஒரு மூலையில் உருண்டு திரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது இருந்தது. குடித்து முடித்துப் பார்க்க இல்லை. அதைத் தேடினேன். தேடினேன் என்பது உண்மை.

நல்லதை மட்டும் எழுதினால் பிழை. டொக்டர் மற்றக் கண்ணையும் பார்த்து, மெலிந்த ஒரு இடத்தை லேசரால் ஒட்டினா. இந்தக் கண்ணில் இனிக் கண்புரை (கண்ணின் வில்லை கலங்கிப் போவது) கெதியாக வரலாம் என்றா. வந்தால் அதுக்கும் சிகிச்சை இருக்கிறது. பந்தைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"தலையாலை அடிக்காமல் விளையாடினால்?"

"முட்டுப்படாமல் விளையாட ஏலுமோ?"

"ஏலாது."

"அப்ப நீங்களே சொல்லிப்போட்டீங்கள்."

இருபத்தொரு வருடம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. பஸ்சில் வரும்போது அழவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஊர்காவற்றுறை வரைக்கும் போய்விட்டேன். நடந்து திரும்பி வந்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து ஆறாம் மாதம் பார்வைப் புலச் சோதனை (ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) வைத்தார்கள். வெள்ளை நிறத்தில் அரைப் பந்து மாதிரி ஒரு கிண்ணம். அதுக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது ஒரு புள்ளி மின்னும். மின்னினால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணை மறைத்துவிட்டார்கள்.

"புள்ளியைத் தேடாதேங்கோ. நடுவை மட்டும் பாருங்கோ," என்றா சோதனை செய்த பெண்பிள்ளை.

அது எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்னே பார்த்துக்கொண்டு ஓரத்தைக் காப்பதுதான் நான் படித்த ஒரே படிப்பு.

வலது மேல் மூலையில் மின்னியது. அழுத்தினேன். மேலே. அழுத்தினேன். கனநேரம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தால்தான் வருவார்கள் என்று தெரியும். கிண்ணத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. கீழ் இடதில், ஓரத்தோடு ஓரமாக, மிக மெல்லியதாக ஒன்று மின்னியது. அழுத்தினேன். அதுக்குக் கீழே இன்னொன்று. அழுத்தினேன். ஒன்று வந்ததா இல்லையா என்று தெரியவில்லை, அதை விட்டேன். பிறகு வரிசையாக வந்தன. அழுத்தினேன், அழுத்தினேன்.

முடிந்ததும் அந்தப் பிள்ளை கடதாசியை எடுத்துப் பார்த்தா.

"கீழ் மூலையிலை ரெண்டு விட்டிட்டீங்கள்."

"மிச்சம்?"

"மிச்சம் எல்லாம் பிடிச்சிட்டீங்கள்."

இரண்டு கோல். பரவாயில்லை.

இப்போது இடது கண்ணால் வாசிக்கலாம். ஆனால் நேரான பொருட்கள் நடுவில் கொஞ்சம் வளைந்து தெரியும். ஒட்டின படலத்தில் சின்னச் சுருக்கம் இருக்கிறது. சுவர் கட்ட வலது கண் போதும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் வளைவு அவ்வளவு தெரியாது. மூளை அதைச் சரிக்கட்டப் பழகுகிறது, நாள் செல்லும் என்றா டொக்டர். தலைகீழை நிமிர்த்தத் தெரிந்ததுக்கு இது பெரிய வேலையாக இருக்காது.

போன மாதம் மைதானத்துக்குப் போனேன். அடுத்த நாள் காரைநகரோடு மட்ச். தேவன் அண்ணை கோடு போட்டுக்கொண்டு நின்றார். இடது பக்கம் மிச்சம் இருந்தது.

"தேவண்ணை, அண்டைக்கு நான் உங்களைப் பேசினது..."

"என்ன பேசினனி?"

"சுண்ணாம்பு மிச்சம் பிடிச்சனீங்கள் எண்டு."

"அதோ? அது உண்மைதான், கொஞ்சம் மிச்சம் பிடிச்சனான்," என்று சுண்ணாம்பு வாளியை என் கையில் தந்தார். "இந்தா, இந்தப் பக்கத்தை நீ போடு."

மேசன் வேலைக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு முளை அடித்து நூல் கட்டினேன். நூல் வழியே சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டு நடந்தேன். வலது கண்ணை மூடிப் பார்த்தேன். நான் பார்க்கிற இடத்தில் கோடு வளைந்தது. ஒரு அடி நடந்தேன். அந்த இடம் நேராகிவிட்டது, அடுத்த இடம் வளைந்தது. வளைவு என்னோடு நடந்து வந்தது.

"எப்பிடித் தெரியுது?" என்று தேவன் அண்ணை தூரத்தில் நின்று கேட்டார்.

"வளைஞ்சு தெரியுது."

"உனக்கு வளைஞ்சு தெரிஞ்சால் பரவாயில்லை. நடுவருக்கு நேராத் தெரிஞ்சால் சரி."

மூலைக்கொடி வரைக்கும் போட்டு முடித்தேன். வாளியை வைத்தேன். பிறகு நான் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். வலது கண்ணைக் கையால் மறைத்தேன். எதிர்க் கோலை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

கோட்டைப் பார்க்கவில்லை. கோடு கிடந்தது.